லினக்ஸ் கணினிக்கு எந்த நேரச் சேவை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸுக்கு மாற விரும்பும் சிறு அலுவலகங்களுக்காகத் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரை பயனுள்ளது. ஆனால் கணினியின் நேரத்தைச் சரியாக வைத்திருப்பது பற்றி அதில் இடம்பெற்ற ஒரே பத்தி, இணைய சர்வரிடம் நேரம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் 'என்டிபிடேட்' கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் 'கிரான்' மூலம் நாள்தோறும் நள்ளிரவில் ஓட்டினால் போதும் என்று முடிந்துவிட்டது. ஒரு காலத்தில் எல்லோரும் செய்ததுதான் அது. இன்று புதிதாக லினக்ஸ் நிறுவும் ஒருவர் அந்த வழியில் இறங்கக் காரணம் எதுவும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

மதர்போர்டில் உள்ள குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினாலே கடிகாரம் ஒரு நாளில் ஏறத்தாழ 1.7 வினாடி விலகிவிடும். நாள் முழுவதும் விலகவிட்டு நள்ளிரவில் ஒரே தாவலாகச் சரிசெய்யும்போது, கடிகாரம் வேகமாக ஓடியிருந்தால் நேரம் பின்னோக்கிப் போகும். பின்னர் நடந்தது முன்னர் நடந்ததுபோல கணினியில் நடப்பவற்றைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் பதிவாகும். கணக்கு மென்பொருளோ டேட்டாபேஸோ ஓடும் கணினியில் இது விளையாட்டல்ல. எல்லாக் கணினிகளும் சரியாக 12 மணிக்கே ஒரே சர்வரைத் தட்டுவது, இலவசமாக அதை நடத்துபவர்களுக்கு நாம் கொடுக்கும் தொல்லை என்பது வேறு.

வீட்டுக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் எதையும் நிறுவத் தேவையில்லை என்பதே என் கருத்து. உபுண்டு என்ற லினக்ஸ் வினியோகத்தில் (தொகுப்பில்) 16.04 பதிப்பு முதலே 'சிஸ்டம்டி-டைம்சிங்க்டி' என்ற சிறு சேவை தானாகவே இயங்கி வந்தது. டெபியன் என்ற வினியோகத்திலும் இப்போது அதுவே இயல்பாக வருகிறது. அது பிறருக்கு நேரம் வழங்காது, கேட்டு வாங்க மட்டுமே செய்யும். நீண்ட இடைவெளி என்றாலும் 2048 வினாடிக்கு ஒருமுறையாவது சர்வரைக் கேட்டுவிடும். கடைசியாக அறிந்த நேரத்தை வட்டில் குறித்து வைப்பதால், பேட்டரிக் கடிகாரம் இல்லாத பழைய ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிப் பலகைகள் இணையம் கிடைக்கும் முன்பே ஓரளவு பொருத்தமான தேதியோடு எழுகின்றன. தேதி பல ஆண்டுகள் பின்தங்கியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து எந்த இணையதளமும் திறக்காது என்பதை அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

அலுவலக சர்வர் என்றால் கதை வேறு. டைம்சிங்க்டி ஒரு நேரத்தில் ஒரே ஒரு சர்வரைத்தான் நம்புகிறது. அந்த ஒன்று பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதை 2012 நவம்பர் 19 அன்று உலகம் பார்த்தது: அமெரிக்கக் கடற்படை வானியல் நிலையத்தின் இரண்டு நேர சர்வர்கள் சிறிது நேரம் 2000-ஆம் ஆண்டைச் சொல்ல, அவற்றை மட்டும் நம்பியிருந்த அலுவலகங்களின் கணினிகள் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னே போய்விட்டன, பயனர்கள் உள்நுழைய முடியாமல் தவித்தார்கள். ரிச்சர்ட் கர்னோ தொடங்கிய 'குரோனி' என்ற நேரச் சேவை இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. நான்கு சர்வர்களை அமைத்துவிட்டு 'குரோனிசி சோர்சஸ்' என்று கேட்டால், இப்போது பின்பற்றப்படும் சர்வரின் முன் நட்சத்திரக் குறியும், அதனோடு ஒத்துப்போய்க் கணக்கில் சேர்க்கப்படும் மற்றவற்றின் முன் கூட்டல் குறியும், மற்றவற்றோடு முரண்படுவதால் ஒதுக்கப்பட்டதன் முன் பெருக்கல் குறி போன்ற ஓர் எழுத்தும் தெரியும். இரண்டே சர்வர்கள் வைத்தால் எது தவறு என்று குரோனியாலும் சொல்ல இயலாது. ஆகவே நான்கு வையுங்கள். படிகம் எவ்வளவு பிசகுகிறது என்பதைக் கற்று ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்வதால், மின்வெட்டால் இணையம் போன நேரத்திலும் அது கடிகாரத்தைத் தக்கபடி திருத்திக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் மட்டும் நேரத்தைத் தாவவிட்டு, பின்னர் மெல்ல இழுத்துச் சரிசெய்யும்படி அமைப்பது பல வினியோகங்களில் இயல்பாகவே உள்ளது. உபுண்டுவும் 25.10 பதிப்பிலிருந்து புதிய நிறுவல்களில் குரோனிக்கே மாறிவிட்டது.

1985-இல் நேர ஒத்திசைவு நெறிமுறையை (என்டிபி) வகுத்தளித்த டேவிட் மில்ஸின் வழிவந்த பழைய நேரச் சேவையான 'என்டிபிடி' மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ரெட் ஹாட் நிறுவனம் தன் என்டர்பிரைஸ் லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டது. டெபியன் 12-இல் அதன் இடத்துக்கு அதிலிருந்து பிரிந்த 'என்டிபிசெக்' வந்துவிட்டது. ஜிபிஎஸ் போன்ற தனிக் கடிகாரக் கருவிகளைக் கணினியோடு இணைப்பவர்களுக்குத் தவிர, புதிதாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த சர்வரைக் கேட்பது என்பதில் நம் நாட்டு நிறுவனங்களுக்கு விருப்பம் மட்டும் போதாது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவின்படி, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரையோ தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரையோ அல்லது அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வர்களையோ பின்பற்ற வேண்டும். லாக் கோப்புகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவுதான். இவற்றோடு கூகுளின் நேர சர்வரைக் கலக்காதீர்கள். பூமியின் சுழற்சியோடு நேரம் ஒத்துப்போக எப்போதாவது கூட்டப்படும் 'லீப் வினாடி' சேர்க்கப்படும் நாளில் கூகுள் அந்த ஒரு வினாடியை 24 மணி நேரத்துக்குப் பரப்பிவிடுவதால், மற்ற சர்வர்களோடு அன்று ஒத்துப்போகாது.

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் கணினிகளில் நேரச் சேவையின் மீது வீண்பழி விழுவதும் உண்டு. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் இப்படி இரண்டும் இருந்தன. விண்டோஸ் மதர்போர்டுக் கடிகாரத்தை இந்திய நேரத்திலும், லினக்ஸ் அதையே உலக நேரத்திலும் வைத்துக்கொள்வதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது நேரம் சரியாக ஐந்தரை மணி பிசகும். விண்டோஸையும் உலக நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. குரோனியை நீக்கித் திரும்ப நிறுவுவதால் ஒன்றும் ஆகாது.

கடைசியாக ஒன்று. நேரத்தின் நிலையைக் காட்டும் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையைத் தட்டும்போது சேவை இயங்குகிறது என்றும், ஆனால் கடிகாரம் ஒத்திசையவில்லை என்றும் வந்தால், பெரும்பாலும் அலுவலக ஃபயர்வால் (வலைத் தடுப்பு), நேரக் கேள்விகள் செல்லும் வழியான யுடிபி 123-ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். எல்லாக் கணினிக்கும் அதைத் திறந்துவிட வேண்டாம். குரோனி ஓடும் ஒரு சர்வருக்கு மட்டும் திறந்துவிட்டு, அதன் அமைப்புக் கோப்பில் உள்வலைக்கு அனுமதி தரும் 'அலவ்' வரியைச் சேர்த்து, மற்றக் கணினிகளின் டைம்சிங்க்டியை அந்த சர்வரை நோக்கித் திருப்பிவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கணினி வலையமைப்பு நிர்வாகி,
மதுரை.