இந்தக் கோடையில் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ஜூன் பிறந்துவிட்டது, பெங்களூரில் மழை பிடித்துக்கொண்டது. மார்ச் தொடங்கி மே முடிய சாவனதுர்கா, ராமநகரா, சங்கமா, ஒகேனக்கல் என்று ஞாயிறுகளில் கிளம்பிய எங்கள் கூட்டம் பெரிய காயம் எதுவும் இல்லாமல் சீசனை முடித்திருக்கிறது. புருஷன் பெண்டாட்டி ஜோடிகள், கல்யாணம் ஆகாதவர்கள், ஆபீஸ் சிநேகிதர்கள், அவர்கள் இழுத்து வந்த இன்னும் சிலர் என்று கலவையான கூட்டம் இது. கோடையில் எந்த மலைக்குப் போவதென்றாலும் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். உயரமும் தூரமும் அதற்கு அப்புறம்தான். இதை எங்கள் தலையில் ஏற்றியவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடவில்லை, தொழிலையும் ஊரையும் சொன்னால் அவரவருக்குத் தெரியும். அவர்கள் சொல்லிக்கொடுத்ததையும் கூடவே எழுதிவைக்கிறோம், அடுத்த வருஷம் கிளம்புகிறவர்களுக்கு ஆகும்.

முதல் நன்றி, மாகடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சாவனதுர்காவில் எங்களை ஏற்றி இறக்கிய பெரியவருக்கு. சாவனதுர்கா 1,226 மீட்டர். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு கல்மலைகள். அடிவாரத்தில் வீரபத்ரர் கோயிலும் நரசிம்மர் கோயிலும், உச்சியில் நந்தி மண்டபம். நடுவே பெரும்பாலும் மொட்டைப் பாறை. 1791இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை இங்கிருந்த கோட்டையைப் பிடித்தது ஒரு டிசம்பரில். மே மாதம் வந்திருந்தால் சேதி வேறாகியிருக்கும் என்பது எங்கள் கட்சி.

பெரியவரின் கணக்கு இது. காலை ஆறு மணிக்குப் பாறையில் கால் வைக்க வேண்டும். ஏற இரண்டு மணி, இறங்கவும் கிட்டத்தட்ட அவ்வளவே. பத்து மணிக்குக் கீழே மரநிழலில் இருந்தாக வேண்டும். ஆகவே எட்டேகாலுக்கு எங்கே நின்றாலும் திரும்ப வேண்டியதுதான், உச்சி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் சரி. அதற்கு அல்சூரிலிருந்து நாலு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும். வனத்துறை அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிட வேண்டும். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் கருங்கல். காற்றின் வெப்பம் 34 டிகிரி என்று போன் காட்டும்போது வெயில் நேராக விழும் பாறையின் மேற்பரப்பு அதைவிட வெகுவாகச் சுடும். அந்தச் சூடு தலைக்கு மேலிருந்து மட்டுமா வருகிறது? கீழிருந்தும் அடிக்கிறது. ஒதுங்க ஒரு புதர்கூட இல்லை. பெங்களூர் குளிர்ச்சியான ஊர் என்ற பழைய நினைப்பில் யாரும் இருக்க வேண்டாம். 2016 ஏப்ரலில் இங்கே 39.2 டிகிரி பதிவாகியிருக்கிறது.

பாறையில் நடக்கும் வித்தையும் அவர் தந்ததுதான். சரிவைக் கண்டதும் பயத்தில் உடம்பு தானாகப் பாறைப் பக்கம் சாய்ந்து கையை ஊன்றப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் எடை பாதத்தை விட்டு விலகிக் கால் வழுக்கும். நிமிர்ந்து நின்று, முழுப் பாதமும் பாறையில் படும்படி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். இறங்கும்போது சரிவுக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்க வேண்டும். குதிகாலை ஊன்றி நேராக இறங்கினால் பாறையில் ஒட்டும் பரப்பு குறைந்துவிடும். கருங்கல் உதிர்ந்து சேரும் பொடிமணல்தான் பெரிய எதிரி. தரையில் கொட்டிய கேழ்வரகின் மேல் நடப்பது போலக் கால் உருளும். மணல் தேங்கிய குழிவைத் தாண்டி மேட்டில்தான் மிதிக்க வேண்டும். மழைநீர் வழிந்து கறுத்த தடங்கள் காய்ந்திருந்தால் பிடி கொடுக்கும், ஈரம் பட்டால் கால் நிற்காது. வெள்ளை அம்புக்குறிகளை விட்டுக் குறுக்கு வழி பார்க்கக் கூடாது.

ஷூ விஷயம் தனி. வருஷக்கணக்கில் பீரோவில் தூங்கிய விலை உயர்ந்த ஷூவை அன்றைக்குப் பார்த்து எடுத்துப் போடுவார்கள். பாலியூரித்தேன் அடிப்பாகம் பயன்படுத்தாமல் கிடந்தாலும் காற்றின் ஈரத்தில் நாளாவட்டத்தில் பொடிந்துபோகும். நாலு கிலோமீட்டர் நடப்பதற்குள் கையோடு வந்துவிடும். முந்தின வாரமே போட்டு ஒரு மணி நேரம் நடந்து பார்க்க வேண்டும். பையில் அகலமான டேப்பும் இரண்டு கஜம் கயிறும் இருந்தால் பிரிந்த அடியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள்: மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை மறுபடி ஏறக் கூடாது. உச்சி மண்டபம், ஒற்றை மரம் இரண்டும் ஒதுங்குமிடம் ஆகாது.

அடுத்து எங்கள் கூட்டத்திலேயே இருக்கிற மர்ஃபி டவுன் நர்ஸ் அக்கா. நாலு மணி நேர நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அவரவர் முதுகில். அது போக வண்டியில் 20 லிட்டர் கேன். கால் மணிக்கு ஒருமுறை நாலைந்து வாய். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். முந்தின இரவு பாட்டிலில் பாதி மட்டும் ஊற்றிப் படுக்கவைத்து உறையவிட்டு, காலையில் மீதியை நிரப்பினால் ஒன்பது மணிவரை ஜில்லென்று இருக்கும். முழுதாக நிரப்பி உறையவைத்தால் பாட்டில் வெடிக்கும், குடிக்க வேண்டிய நேரத்தில் உருகியும் இருக்காது.

வெறும் தண்ணீர் போதாது. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்; ஆகவே இளநீரை மட்டும் நம்ப முடியாது. ஒரு லிட்டர் பாக்கெட் ஓஆர்எஸ்ஸை (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். பாட்டில் அரை லிட்டர்தான் என்று முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டினால் கரைசல் கெட்டியாகி வயிற்றைக் கலக்கும். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. பழச்சாறு டப்பாவில் ஓஆர்எஸ் என்று போட்டு விற்றதை எல்லாம் நம்பி வாங்கிய காலம் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. நீர்மோரில் உப்பு போட்டுக் கொண்டுவந்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை.

தலைவலி, குமட்டல், காலில் தசைப்பிடிப்பு, பிசுபிசுவென்ற வியர்வை என்றால் வெயில் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, ஓஆர்எஸ்ஸை மடக்கு மடக்காகக் கொடுக்கலாம். பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தால், நடை தள்ளாடினால் அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). அப்போது 108க்குப் போன் போடுவதும் உடம்பைக் குளிர்விப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். இருக்கிற தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது.

இதே அக்கா போட்ட இன்னொரு விதிக்கு முதலில் முணுமுணுப்பு இருந்தது: மலையில் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் காவல் இல்லை, ஆளை மாற்றிப் போடு. விஷயம் சரிதான். தன்னால் இவருக்கு ட்ரிப் கெட வேண்டாம் என்று ஒருவர் தலைச்சுற்றலை மறைப்பார். இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மற்றவர் ஊக்கம் கொடுப்பார். வேறு ஜோடியிலிருந்து வருகிறவருக்கு இந்த தாட்சண்யம் கிடையாது, முகத்தைப் பார்த்ததும் உட்காரச் சொல்லிவிடுவார். மிக மெதுவாக நடப்பவர் முன்னால் இரண்டாவதாக, நன்றாக நடப்பவர் கடைசி ஆளாக. வண்டியின் மாற்றுச் சாவியும் முதலுதவிப் பையும் அந்தக் கடைசி ஆளிடம். கொஞ்ச நேரம் பிரிந்து நடக்கச் சம்மதித்த எல்லா ஜோடிகளுக்கும் நன்றி. செல்ஃபி உச்சியில் எடுத்தால் போதும்.

வனத்துறைக் காவலர்கள் பையைத் திறந்து பார்த்துத் தீப்பெட்டியையும் கேஸ் அடுப்பையும் வாங்கி வைத்துக்கொண்டபோது சிலர் முகம் சுளித்தார்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நம்மவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தீ மேல்நோக்கி வேகமாக ஏறும்; எழும்பும் சூடு மேலே இருக்கும் புல்லை முன்னதாகவே காயவைத்துவிடுகிறது. ஆகவே புகை தெரிந்தால் மேலே ஓடக் கூடாது. மொட்டைப் பாறையோ ஏற்கெனவே எரிந்து கறுத்த இடமோதான் புகலிடம். அந்தக் காவலர்கள்தான் தொங்கு பாறையில் மலைத்தேனீ அடை இருக்கும் பக்கங்களையும் காட்டினார்கள். அங்கே சென்ட், புகை, கூச்சல் மூன்றும் ஆகாது. தேனீ கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் ஓட வேண்டும். கொடுக்கைத் தாமதிக்காமல் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும்.

ஒகேனக்கல் பரிசல்காரர்களுக்கும் நன்றி. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டபின் தோள்பட்டையில் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார்கள்; காதுவரை ஏறினால் வார் தளர்வு, மறுபடி இறுக்கு. அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமாவிலும், அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கும் மேக்கேதாட்டுவிலும் நீந்த இறங்கவே கூடாது. மேலே தண்ணீர் அசையாதது போல இருக்கும், அடியில் பாறைக்குடைவும் இழுப்பும். முதலையும் உண்டு.

ஸ்ரீராமபுரத்து டெம்போ டிராவலர் அண்ணன், டயர் காற்றைக் கிளம்புமுன் சூடேறாத நிலையில் பார்த்தே எடுப்பார். காற்று குறைந்த டயர் அதிகம் நெளிந்து சூடாகும், ஓசூர் ரோட்டு வெயிலில் வெடிப்பது அதுதான். வாடகைக்கு வெள்ளை போர்டு வண்டி (சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவானது) மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால், விபத்தானபின் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். மஞ்சள் போர்டு வண்டியில் தமிழ்நாட்டுக்குள் போவதானால் பெர்மிட்டும் வரியும் சரியா என்று முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். விடிகாலையில் அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நின்றால் மலைக்கான நேரம் அங்கேயே போய்விடும்.

கட்டுச்சோறு தந்த வீடுகளை மறந்தால் சோறு இறங்காது. தயிர்சாதம் புளிக்காமல் பதினொரு மணிவரை தாங்கியதற்கு காக்ஸ் டவுன் அம்மாவின் பக்குவம்தான் காரணம். ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் தண்ணீர் விட்டுக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் காய்ச்சிய பால் ஒன்றரை கப், தயிர் இரண்டே மேசைக்கரண்டி. வழியிலேயே தோய்ந்து, சாப்பிடும் நேரத்துக்குப் பதம் வரும். தயிரை அள்ளிக் கொட்டிக் கலந்தால் எட்டு மணிக்கே புளிப்பு. கொதிக்கும் சோற்றில் தயிர் விட்டால் திரிந்துவிடும். வெங்காயம், தேங்காய் இரண்டும் பக்கத்தில் வரக் கூடாது. இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவி வாழை இலையில் மடித்தால் சட்னி வேண்டாம். புளியோதரை பற்றிச் சொல்லவே வேண்டாம், அது மறுநாளும் தாங்கும். தூக்கை ஆறவிடாமல் மூடினால் ஆவி உள்ளே வியர்த்துச் சோறு கெடும் என்பதை மட்டும் ஆண்கள் குறித்துக்கொள்ளுங்கள். விடிகாலை மூன்று மணிக்கு மூடுகிறவர்கள் நாம்தான்.

இரவல் வாங்கிய தூக்குகளும் டிபன் கேரியர்களும் புளி போட்டுத் தேய்த்துக் காயவைத்தாயிற்று. பெயர் பொறித்தவை வரும் சனிக்கிழமைக்குள் வீடு வந்து சேரும். பெயரில்லாத ஒரு ஐந்து லிட்டர் தூக்கும், மூடி மாறிப்போன சில டப்பாக்களும் நர்ஸ் அக்கா வீட்டில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் பொருந்தாத மூடி ஏதும் இருந்தால் கையோடு எடுத்து வாருங்கள்.

நன்றியுடன்,
ஞாயிறு மலை நண்பர்கள்,
பெங்களூரு