பிபிடி போடுங்கள், கரும்பலகையை மறைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில், பொறியியல் படிக்கும் மாணவனின் தந்தை ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். லட்சக்கணக்கில் பணம் கட்டிச் சேர்த்த கல்லூரியில் வாத்தியார் திரையில் இருப்பதைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறார், அதற்குப் பையன் வீட்டிலேயே உட்கார்ந்து வாசித்துக்கொள்ள மாட்டானா என்று கேட்டிருந்தார். நான் ஈரோடு பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்னியல் பாடம் எடுப்பவள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வாத்தியார் ஏன் அப்படி வாசிக்கிறார் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை, அதனால் இதை எழுதுகிறேன்.

செமஸ்டர் ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு ஆசிரியரும் கோர்ஸ் ஃபைல் என்று ஒன்று தயார் செய்ய வேண்டும். பாடத்திட்டம், எந்த நாள் எந்தத் தலைப்பு என்ற அட்டவணை, கேள்வி வங்கி, பழைய வினாத்தாள், இதோடு ஐந்து யூனிட்டுக்கும் பிபிடி, அதாவது பவர்பாயிண்ட் ஸ்லைடுகள். இந்த பிபிடி இல்லாமல் ஃபைலில் துறைத்தலைவர் கையெழுத்துப் போட மாட்டார். ஏன் என்று கேட்டால் கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் குழு வரும், பொறியியல் படிப்புகளுக்குச் சான்று தரும் என்பிஏ குழு வரும், அவர்கள் கேட்பார்கள் என்று பதில் வரும். நாக் கேட்பது என்னவோ, ஆசிரியர்கள் தகவல் தொழில்நுட்பக் கருவிகளைக் கற்பித்தலில் பயன்படுத்துகிறார்களா என்பதுதான். கருவி என்றால் சிமுலேஷன் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, ஆன்லைன் ஆய்வகம் இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் எண்ணிக் காட்டுவது கஷ்டம், பிபிடி என்றால் ஃபோல்டரைத் திறந்து எத்தனை கோப்பு என்று பார்த்தால் முடிந்தது. நிர்வாகத்துக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

அப்புறம் நடப்பது தெரிந்ததுதான். இரண்டு தியரி, ஒரு லேப், நடுவில் தேர்வுப் பணி, கோடையில் ஊர் ஊராக அட்மிஷன் கேன்வாஸ் என்று ஓடுகிறவர், நெட்டில் கிடைக்கும் யாருடைய பிபிடியையோ இறக்கி, மூலையில் இருக்கும் கல்லூரி லோகோவை மட்டும் மாற்றி ஒப்படைக்கிறார். சில நேரம் அந்த லோகோகூட மாறுவதில்லை. இப்போது ஏஐ வந்துவிட்டதால் தேடுகிற வேலையும் மிச்சம், தலைப்பைத் தட்டினால் இருபது ஸ்லைடு வந்து நிற்கிறது. தான் யோசித்துச் செய்யாத ஸ்லைடை ஒருவர் வாசிக்கத்தான் முடியும். வேறு என்ன செய்வார்?

இதைச் சொல்வதால் நான் புரொஜெக்டருக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அது இல்லாமல் என்னால் சரியாக நடத்த முடியாத பாடம் இருக்கிறது. மில்லிலும் கிணற்றிலும் ஓடுகிற மூன்று பேஸ் இண்டக்‌ஷன் மோட்டாரில் காந்தப்புலம் எப்படிச் சுழல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று காயில்கள் (கம்பிச் சுருள்கள்), ஒன்றுக்கொன்று 120 டிகிரி தள்ளி, அசையாமல் இருக்கின்றன. ஒவ்வொன்றின் புலமும் அதனதன் கோட்டிலேயே கூடும், குறையும், திசை மாறும், அவ்வளவுதான். ஆனால் மூன்றையும் கூட்டினால் கிடைக்கும் புலம், ஒரு காயிலின் உச்ச அளவைப் போல ஒன்றரை மடங்கில், அளவு மாறாமல் வட்டமாகச் சுற்றுகிறது. 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் நான்கு போல் (காந்த முனை) மோட்டார் என்றால் நிமிடத்துக்கு 1500 சுற்று. இதைப் பலகையில் 0, 60, 120, 180 டிகிரி என்று நான்கு படமாகப் போட்டால் பாதி பீரியட் போய்விடும், படமும் நகராது, பையன்களும் நம்ப மாட்டார்கள். அதுவே திரையில் மூன்று கலரில் மூன்று அம்புக்குறி குதித்துக்கொண்டிருக்க, நடுவில் கறுப்பு அம்பு ஒன்று அமைதியாகச் சுற்றுவதைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் வேலை முடிகிறது. நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி காட்டலாம். இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்து அம்பு எதிர்த்திசையில் சுற்றுவதைக் காட்டும்போது, கடைசி பெஞ்சிலிருந்து யாராவது ஒருவன், எங்கள் கிணற்று மோட்டார் ரிவர்ஸில் ஓடினால் ஒயர்மேன் இதைத்தானே மேடம் செய்கிறார் என்பான். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிற கல்லூரி எங்களுடையது. அந்த ஒரு கேள்விக்காகவே புரொஜெக்டருக்கு மாலை போடலாம்.

அதோடு லேப்டாப்பை மூடிவிட வேண்டும். அடுத்து வருவது ஸ்லிப், அதாவது சுழலும் புலத்தைவிட மோட்டார் எந்த விகிதத்தில் பின்தங்குகிறது என்பது. புலம் 1500-இல் சுற்றுகிறது, மில்லில் ஓடும் மோட்டாரின் நேம் பிளேட்டில் 1440 என்று இருக்கிறதே, மீதி 60 எங்கே போனது? இதைக் கேட்டுவிட்டுச் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். யாராவது உராய்வு என்பார்கள், யாராவது லோடு என்பார்கள். ரோட்டாரும், அதாவது மோட்டாரின் உள்ளே சுற்றும் பாகமும், 1500-இலேயே சுற்றினால் புலத்துக்கும் ரோட்டாருக்கும் நடுவே நகர்வே இல்லை, நகர்வு இல்லையென்றால் ரோட்டாரில் மின்னழுத்தம் தூண்டப்படாது, அது இல்லையென்றால் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லையென்றால் டார்க் (சுழற்றும் விசை) இல்லை, அதனால் அது பின்தங்கித்தான் ஆக வேண்டும் என்ற இடத்துக்கு அவர்களே வந்து சேருவார்கள். ஸ்லைடில் இது ஒரு வரி. கேள்வியும் பதிலும் ஒன்றாகத் திரையில் வந்துவிட்டால் யோசிக்க யாருக்கு என்ன அவசியம்?

டெரிவேஷன், அதாவது ஒரு சமன்பாட்டை வரிவரியாக வருவிப்பது, என்றால் இன்னும் மோசம். ரோட்டார் கரண்டின் சமன்பாட்டில் மேலே மின்னழுத்தம் ஸ்லிப்பால் பெருக்கப்பட்டிருக்கும், கீழே ரியாக்டன்சும் (மாறும் மின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு) ஸ்லிப்பால் பெருக்கப்பட்டிருக்கும், ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) மட்டும் தனியாக இருக்கும். மேலும் கீழும் ஸ்லிப்பால் வகுத்தால் மற்ற இரண்டிலும் ஸ்லிப் அடிபட்டுப் போய், ரெசிஸ்டன்சுக்குக் கீழே மட்டும் வந்து உட்காரும். வெறும் வகுத்தல்தான். ஆனால் அந்த ரெசிஸ்டன்சில் இப்போது கூடுதலாக வந்த பங்குதான் மோட்டார் இழுக்கும் சுமை என்பது புரிந்தவனுக்கு அந்த யூனிட்டே கைக்குள் வந்துவிடும். பலகையில் எழுதும்போது அந்த வகுத்தல் நடக்கிற இடத்தில் என் கை நிற்கும், அவர்கள் கையும் நோட்டில் நிற்கும், மேடம் அது எப்படிக் கீழே போச்சு என்று ஒரு குரல் வரும். ஸ்லைடில் முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி எல்லாம் ஏற்கெனவே அச்சடித்த மாதிரி இருக்கின்றன. எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஃபோனை எடுத்து ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு, நெக்ஸ்ட் மேடம் என்று உட்கார்ந்திருப்பார்கள். ஐம்பது நிமிடத்தில் நாற்பது ஸ்லைடு ஓடுகிறது, விளக்கையும் அணைத்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் முன் வரிசையைத் தவிர மற்றவர்கள் தூக்கத்தில்.

பவர்பாயிண்ட் வகுப்பறைக்காகப் பிறந்ததும் இல்லை. 1987-இல் ஃபோர்தாட் என்ற சின்ன கம்பெனி மேக்கின்டோஷ் கணினிக்காக அதைக் கொண்டுவந்தது, அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்தக் கம்பெனியை 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அலுவலகக் கூட்டங்களில் பேசுகிறவர் ஓஎச்பி என்ற பழைய புரொஜெக்டரில் வைத்துக் காட்டும் ஷீட் தயாரிக்க உதவும் மென்பொருள், அவ்வளவுதான் முதல் பதிப்பு. தங்கள் யோசனையை மேலதிகாரிகளிடம் ஒப்புக்கொள்ள வைக்கப் பேசுகிறவர்களுக்கு, கேட்கிறவர் குறுக்கே கேள்வி கேட்காமல் தலையாட்டினால் லாபம். எங்களுக்கு அது நஷ்டம்.

திரையில் உள்ளதை வாசிப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் மேயர் என்ற கல்வி உளவியலாளர், மின்னல் எப்படி உண்டாகிறது என்பது போன்ற பாடங்களை வைத்துப் பல சோதனைகள் செய்து பார்த்திருக்கிறார். படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் மாணவர்களுக்கு நன்றாகப் புரிகிறது, அதே விளக்கத்தை எழுத்தாகவும் திரையில் போட்டால் புரிதல் குறைகிறது. கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தை வாசிப்பதா என்று அல்லாடும்போது காதில் அதே வாக்கியம் வேறு வேகத்தில் விழுந்துகொண்டிருக்கிறது. அப்படிப் பார்த்தால், ஸ்லைடில் படம் மட்டும் போட்டு வாயால் பேசுகிற வாத்தியார் சரியாகச் செய்கிறார். ஆனால் அப்படிப்பட்ட பிபிடியை ஃபைலில் வைத்தால் கன்டென்ட் போதவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள்!

இதன் விளைவை விடைத்தாள் திருத்தும் இடத்தில் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் பகுதி ஆ ஒவ்வொரு கேள்விக்கும் 13 மதிப்பெண். இண்டக்‌ஷன் மோட்டார் வேலை செய்யும் விதத்தை விளக்குக என்று கேட்டால், ஒரு புள்ளி வைத்து சுழலும் காந்தப்புலம், அடுத்த புள்ளி ரோட்டார் கரண்ட், அடுத்த புள்ளி டார்க் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் வந்த பிபிடியை மனப்பாடம் செய்துவிட்டு வந்தவர்கள். மூன்றும் சரிதான், ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஸ்லைடிலேயே அது இல்லையே, பையன் எங்கிருந்து எழுதுவான்? ஐந்துக்கு மேல் கொடுக்க மனம் வருவதில்லை, அதற்குக் கீழே கொடுக்கவும் மனம் வருவதில்லை.

புள்ளி வைத்து எழுதும் பழக்கம் மாணவர்களோடு நிற்கிற விஷயமும் அல்ல. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கலம் திரும்பும் வழியில் உடைந்து கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் இறந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும். கிளம்பும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு இடது இறக்கையில் மோதியதுதான் காரணம். கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே அந்த மோதல் ஆபத்தா இல்லையா என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு, அதிகாரிகளிடம் ஸ்லைடாகக் காட்டினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு பயப்பட ஒன்றுமில்லை என்கிற தொனியில் இருந்தது. அடியில் ஒரு வரியில், மோதிய துண்டின் கன அளவு 1920 கன அங்குலம், கையில் இருக்கும் சோதனைத் தரவு வெறும் 3 கன அங்குலத் துண்டுக்கானது என்று இருந்தது. 640 மடங்கு வித்தியாசம்! விபத்துக்கு ஸ்லைடுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில், முறையான தொழில்நுட்ப அறிக்கைக்குப் பதில் ஸ்லைடுகளை வைத்தே பேசி முடிக்கும் பழக்கத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. எங்கள் மாணவர்களும் நாளைக்கு பாய்லர் பக்கத்திலும் சப்ஸ்டேஷனிலும் நிற்கப் போகிறவர்கள்தான்.

பள்ளிகளிலும் இதே பாதைதான் திறந்திருக்கிறது. அரசு தொடக்கப் பள்ளிகளில் 20,000-க்கும் மேற்பட்ட ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்திருக்கின்றன, நல்ல விஷயம். என் தங்கை அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறாள். ஹம்பியின் இடிபாடுகளையும் தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் பெரிதாகக் காட்ட முடிகிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய பிரச்சினை வேறு. வீட்டில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து தட்டிய ஸ்லைடை பென் டிரைவில் கொண்டுபோய்ப் பள்ளிக் கணினியில் திறந்தால், அங்கே பாமினி இல்லாததால் சோழர் பரம்பரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கிறது. அரசே 2010-இல், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைதான் என்று ஆணை போட்டாகிவிட்டது, இன்னும் தட்டச்சுப் பழகிய கை மாற மாட்டேன் என்கிறது. பயிற்சி கொடுக்கிறவர்கள் அனிமேஷன் எஃபெக்ட் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித் தந்தால் புண்ணியமாகப் போகும்.

பலகையில் எழுதுகிறவர்கள் எல்லாம் நல்ல வாத்தியார் என்றும் நான் சொல்ல வரவில்லை. மஞ்சள் பூத்த நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிப்போட்டு, முதுகைக் காட்டியபடி பீரியடை முடித்தவர்களிடமும் நாங்கள் படித்திருக்கிறோம். எழுத்து கோணலாக இருக்கும், பின்னால் இருப்பவருக்குத் தெரியாது, சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாது, சிலபஸ் முடியாது, இந்தப் புகார்கள் எல்லாம் நியாயம்தான். எதை எதில் நடத்துவது என்பதை அந்தப் பாடம் எடுக்கிறவர் முடிவு செய்யட்டும் என்பதுதான் என் கட்சி.

அதனால் கல்லூரி நிர்வாகங்களிடம் கேட்பது இதுதான். ஃபைலில் பிபிடி எண்ணிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு, துறைத்தலைவரோ முதல்வரோ செமஸ்டருக்கு ஒரு தடவை பின் பெஞ்சில் வந்து உட்கார்ந்து ஒரு வகுப்பைக் கேளுங்கள். ஆய்வுக்கு வரும் குழுக்களும் ஃபோல்டரைத் திறப்பதற்குப் பதில் அதையே செய்யலாம். கடிதம் எழுதிய அந்தத் தந்தையும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதையே கேட்கட்டும், நாங்கள் கேட்பதைவிட ஃபீஸ் கட்டுகிறவர் கேட்டால் மதிப்பு அதிகம்.

கூடவே செலவில்லாத ஒரு வேலை. பெரும்பாலான வகுப்பறைகளில் புரொஜெக்டர் திரையைக் கரும்பலகைக்கு நேர் நடுவில் மாட்டி வைத்திருக்கிறார்கள். திரையை இறக்கினால் பலகையில் இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடிதான் மிஞ்சும். படத்தைக் காட்டிக்கொண்டே பக்கத்தில் சமன்பாட்டை எழுத வழியே இல்லை. ஆணியைப் பிடுங்கித் திரையை ஜன்னல் இல்லாத பக்கத்து மூலையில் கொஞ்சம் சாய்வாக மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். எங்கள் துறையில் இரண்டு அறைக்கு இதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம், எலக்ட்ரீஷியன் அரை நாள் வேலை என்கிறார், பர்ச்சேஸ் கமிட்டி கொட்டேஷன் மூன்று வேண்டும் என்கிறது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத உதவிப் பேராசிரியர்,
ஈரோடு மாவட்டம்.