இறக்குமதிக் கருவிகளுக்கு விவரிப்பு எழுதித் தந்த அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கடந்த வாரம் நடந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள் என்பதால் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: சேமிப்பதற்காக ஒட்டப்பட்ட நீக்கும் கட்டளை ஒன்றை ஏஐ முகவர் (பயனருக்காகக் கருவிகளைத் தானே அழைத்து வேலை செய்யும் ஏஐ) சர்வருக்கு அனுப்பிவிட்டது, பதிவுகள் அழிந்தன. அழிந்த பதிவுகள் காப்புப் பிரதியிலிருந்து திரும்பிவிட்டன; நேற்றிரவுதான் எங்கள் குழுவினர் நிம்மதியாகத் தூங்கினோம். அந்த நிம்மதியின் ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

ஏஐ முகவர் எந்தக் கருவியை எந்த வரிசையில் அழைத்தது என்பதைப் பதிவுக் கோப்புகளில் இரவெல்லாம் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கும், காப்புப் பிரதியை மீட்டுத் தந்த சர்வர் நிர்வாகிகளுக்கும், கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் பொறுமையாகக் காத்திருந்த பயனர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இம்மடலின் பெரும்பகுதி ஒருவருக்கு உரியது. குழுவில் உள்ள தம்பி ஒருவரின் அக்கா அவர். வீட்டுச் சாமான்களுடன் வரும் பயன்பாட்டுக் கையேடுகளை எழுதுவது அவர் தொழில். நிரல் எழுதுவது அவர் துறை அல்ல. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே குறிப்பிடுகிறேன். தம்பி சாப்பிட்டானா என்று கேட்க அழைத்தவர், அவன் குரலில் இருந்த களைப்பைக் கேட்டு, என்ன சிக்கல் என்று விசாரித்து, கருவிகளைப் பற்றி முகவர் படிக்கும் விவரிப்புகளைத் தனக்கு அனுப்பும்படி சொன்னார்.

ஏஐ முகவர்கள் வெளிக் கருவிகளை அழைப்பதற்கான பொது நெறிமுறையான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் 2024 நவம்பரில் வெளிவந்த பிறகு நம்மில் பலர் இத்தகைய கருவிகளை எழுதி வருகிறோம். கருவியின் பெயர், அதன் விவரிப்பு, உள்ளீடுகளைச் சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகியவற்றை வைத்துத்தான் முகவர் முடிவெடுக்கிறது. உள்ளே இருக்கும் நிரல் அதன் கண்ணில் படுவதே இல்லை. கர்ல் கட்டளை (சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் கட்டளை), போஸ்ட்மேன் தொகுப்பு (போஸ்ட்மேன் செயலியில் சேமித்த கோரிக்கைகள்), ஓப்பன்ஏபிஐ ஆவணம் (ஒரு ஏபிஐ, அதாவது நிரல்கள் ஒன்றிடம் ஒன்று சேவை கேட்கும் வழி, எந்தக் கோரிக்கைகளை ஏற்கும் என்று சொல்லும் கோப்பு) ஆகியவற்றை இறக்குமதி செய்யும் எங்கள் மூன்று கருவிகளிலும் வெகுகாலமாக இருந்தது ஏறக்குறைய ஒரே வரி: "ஏபிஐ கோரிக்கையை இறக்குமதி செய்யும்."

அக்கா கேட்ட முதல் கேள்வி, "இதை அழைத்தால் அந்தக் கோரிக்கை சர்வருக்குப் போய்விடுமா, இங்கேயே சேமிக்கப்படுமா?" என்பது. பிரஷர் குக்கரின் கையேட்டில் மூடியை எப்போது திறக்கக் கூடாது என்பதைத்தான் முதலில் எழுதுவோம் என்றும் அவர் சொன்னார். ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வந்தன: கட்டளையில் முறை (தரவைக் கேட்கும் கெட், தரவை அனுப்பும் போஸ்ட் போன்ற கோரிக்கை வகை) குறிப்பிடப்படவில்லை என்றால் என்ன ஆகும், அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் என்ன ஆகும், கடவுச்சாவி உள்ளே இருந்தால் அது எங்கே போகும். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். கர்ல் கருவியின் இன்றைய விவரிப்பு இது:

"பயனர் ஒரு கர்ல் கட்டளையை ஒட்டி, அதைச் சேமிக்கச் சொன்னால் இக்கருவியை அழைக்கவும். இது கோரிக்கையைச் சேமிக்கும், அனுப்பாது. முறை குறிப்பிடப்படாமல் '-டி' (-d) மூலம் தரவு தரப்பட்டிருந்தால் போஸ்ட் என்றும், '-ஜி'யும் (-G) சேர்ந்திருந்தால் கெட் என்றும் கொள்ளும். அதே பெயரில் கோரிக்கை இருந்தால் மேலெழுதாமல் பிழையைத் திருப்பித் தரும். ஆத்தரைசேஷன் தலைப்பு, குக்கி ஆகியவற்றின் மதிப்புகளைச் சேமிக்காது. போஸ்ட்மேன் தொகுப்புக்கும் ஓப்பன்ஏபிஐ ஆவணத்துக்கும் அவற்றுக்குரிய கருவிகளை அழைக்கவும்."

ஆத்தரைசேஷன் தலைப்பும் குக்கியும் பயனர் யார் என்று சர்வருக்குக் காட்டும் அடையாளத் தரவுகள். குக்கி பற்றிய வாக்கியத்தின் அருமை, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸிலிருந்து கர்ல் கட்டளையை நகலெடுத்தவர்களுக்குத் தெரியும். உள்நுழைந்த கணக்கின் குக்கியும் அதில் பெரும்பாலும் ஒட்டிக்கொண்டே வரும். போஸ்ட்மேன் கருவிக்கான விவரிப்பில், இரட்டை நெளிவு அடைப்புக்குள் இருக்கும் மாறிகளை (மதிப்பு பிறகு நிரப்பப்படும் இடங்களை) அப்படியே வைத்திருக்க வேண்டும், முகவர் தானாக மதிப்பை ஊகித்து நிரப்பக் கூடாது என்ற வரியும் அவர் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்ததே.

கருவி தரவை அழிக்கக்கூடியதா, வாசிக்க மட்டும் செய்வதா என்று தெரிவிக்கும் குறிப்புகளை 2025 மார்ச் பதிப்பிலிருந்து இந்தப் புரோட்டோகால் ஏற்கிறது. அவற்றையும் இப்போது சேர்த்திருக்கிறோம். ஆயினும் அவை வெறும் குறிப்புகளே. அவற்றை மதித்து நடப்பது அந்தந்தச் செயலியின் விருப்பம். அதனால், "அனுப்பாது" என்ற ஒற்றைச் சொல்லை விவரிப்பிலேயே எழுத வைத்த அக்காவுக்கே நாங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தச் சொல் சேர்ந்தபின், பழைய உரையாடல்களை எடுத்து மீண்டும் ஓட்டிப் பார்த்தோம். நீக்கும் கட்டளை ஒட்டப்பட்ட உரையாடலில், முகவர் அதைச் சேமித்துவிட்டு, அனுப்பட்டுமா என்று பயனரிடம் கேட்டு நின்றது. அதைத் திரையில் பார்த்தபோது தம்பிக்குக் கண் கலங்கியது, எனக்கும்தான்.

ஊதியம் பற்றிப் பேச்செடுத்தபோது, தம்பியை நேரத்துக்குச் சாப்பிட வையுங்கள் என்று மட்டும் அக்கா சொன்னார். அதை நாங்கள் செய்வோம். கூடவே இன்னொரு உறுதியும் தருகிறோம்: எந்தக் கருவியின் விவரிப்பையும், அதன் நிரலைப் பார்த்திராத ஒருவரிடம் உரக்கப் படித்துக் காட்டி, அவர் கேட்கும் கேள்விகளுக்கு அந்த விவரிப்பே விடை சொல்லும்வரை வெளியிட மாட்டோம். ஹார் கோப்பை (பிரவுசர் அனுப்பிய கோரிக்கைகளையும் பெற்ற பதில்களையும் பதிந்து வைக்கும் கோப்பை) இறக்குமதி செய்யும் கருவிதான் அடுத்து வர வேண்டியது. அதன் விவரிப்பு இன்று காலை அக்காவுக்குப் போயிருக்கிறது, அவரிடமிருந்து கேள்விகள் வந்து தீரும்வரை வெளியீடு காத்திருக்கும்.