பாலாதல் மனிதர்

அன்புள்ள கயலுக்கு,

தொழுநோய் அடையாளத்தோடு கிடைத்த பழைய எலும்புக்கூட்டைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டேன். எலும்புக்கூடு என்றதும் அப்பா எழுந்து போய்விட்டார். தொழுநோய் வார்டில் கட்டுப் போட்டே காலம் கழித்த எனக்கு, ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் பாலாதல் என்ற ஊரில் கிடைத்த அந்த மனிதர் தெரிந்தவர் மாதிரிதான் இருந்தார். சுமார் 4,000 வருஷத்துக்கு முந்தியவராம்!

மூக்குக்குக் கீழே துருத்தி நிற்கும் சின்ன எலும்பு தேய்ந்து, மேல்தாடையின் முன்பக்கம் கரைந்திருக்கிறது என்கிறாய். மூக்கு அமுங்கிய முகங்களை நாங்கள் தினமும் பார்த்தோம்; உள்ளே எலும்பு கரைவதை யார் பார்த்தது? மோலர்-கிறிஸ்டென்சன் என்ற டென்மார்க் டாக்டர், இடைக்காலத் தொழுநோய் இல்லத்தின் இடுகாட்டைத் தோண்டி அந்த அடையாளத்தைக் கண்டார், அப்புறம்தான் உயிரோடிருந்த நோயாளிகளிடம் தேடினார்கள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். செத்தவர்கள் டாக்டர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு இடத்தில்தான் உன்னோடு சண்டை. கல் அடைப்புக்குள், எரித்த மாட்டுச்சாணச் சாம்பலில் புதைத்திருந்ததால் அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. சாமியார்களையும் எரிக்காமல் புதைத்துத்தான் சமாதி கட்டுகிறோம். அதே சாணச் சாம்பலைத்தான் திருநீறு என்று நெற்றியில் பூசுகிறோம். அதற்காக அவரைக் கும்பிட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. அந்த ஊர் வழக்கம் நமக்கு எப்படித் தெரியும்?

எலும்பு சொல்வதை மட்டும் எழுது. இந்தக் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுக்கும். உடம்பில் புகுந்து அடையாளம் காட்டவே சிலருக்குப் பல வருஷம் ஆகிவிடும். எலும்பு கரையும் அளவுக்கு முற்ற இன்னும் எத்தனை வருஷமோ! அத்தனை காலமும் அவர் சோறு தின்று உயிரோடு இருந்திருக்கிறார். நான் எழுதினால் அதைத்தான் முதலில் எழுதுவேன்.

இன்னொன்று. விரல் தானாக உதிர்ந்து விழாது. மரத்துப்போன கை சூடு தெரியாமல் வெந்து, புண் ஆழமாகி, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகும். நீ பார்க்கும் எலும்புகளில் விரல் நுனி பென்சில் சீவினாற்போல் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. புதுக் கண்ணாடி போட்டிருக்கிறேன், நன்றாகத் தெரியும்.

இப்படிக்கு,
அம்மா