ஆட்டம் முடிந்தபின் கூடும் மேசை

காரைக்குடி

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கோலாலம்பூரில் அனைவரும் நலமென்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே ஐப்பசி மழை நன்றாகப் பெய்து ஊருணி நிரம்பிவிட்டது. வளவில் ஓடு மாற்றும் வேலைதான் மழையால் பாதியில் நிற்கிறது.

பேரன் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரனாகிவிட்டான் என்ற நல்ல செய்தியை ஒரு வரியில் முடித்துவிட்டு, ஆட்டம் முடிந்ததும் அவன் மற்றவர்களோடு கிளப்பின் மதுக்கூடத்தில் உட்காருவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். சென்னையில் ஒரு கிளப்பின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்கிறாய். அந்த மேசையிலிருந்து அவனை எழுப்பிவிடாதே என்பதுதான் என் கருத்து. அவனோடு நீ பேச வேண்டியது கோப்பையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி மட்டுமே.

பதினெட்டுக் குழிகளும் ஆடி முடித்தபின் போய் உட்காரும் இடத்தைப் ‘பத்தொன்பதாவது குழி’ என்றே கோல்ஃப் ஆட்டக்காரர்கள் அழைக்கிறார்கள். அப்படிக் கூடி உட்காரும் வழக்கம் ஆட்டத்தின் விதிகளைப் போலவே பழையது. 1744இல் ஸ்காட்லாந்தின் லீத் மைதானத்தில் முதன்முதலாகப் பதின்மூன்று விதிகளை எழுதி வைத்த எடின்பரோ கனவான்கள், ஆட்டம் முடிந்ததும் அருகிலிருந்த விடுதியில் கூடி உண்டார்கள். கிளாரெட் என்ற சிவப்பு மதுவையே பந்தயமாக வைத்து ஆடினார்கள். ஆனால், ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவனுக்கு அந்த மேசையில் நெடுங்காலம் இடம் இல்லை. மட்டை செய்து கொடுத்து, பந்து தைத்து, கனவான்களுக்கு ஆட்டமும் கற்றுக்கொடுத்த தொழில்முறை ஆட்டக்காரன், கிளப் வீட்டின் முன்வாசலைத் தாண்டக் கூடாது என்றுதான் இருந்தது.

அந்த வாசலைத் திறக்க வைத்தவர்களில் அமெரிக்க ஆட்டக்காரரான வால்டர் ஹேகனை நான் பெரிதும் மதிக்கிறேன். 1920இல் இங்கிலாந்தின் டீல் என்ற ஊரில் நடந்த ‘ஓப்பன்’ என்ற பிரிட்டனின் பெரிய கோல்ஃப் போட்டியில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உடை மாற்றவும் கிளப் வீட்டில் இடம் தரவில்லை என்பதால், அவர் ஒரு சொகுசுக் காரை வாடகைக்கு அமர்த்தி, அதை வாசலுக்கு எதிரிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் டொலீடோ நகரிலுள்ள இன்வர்னெஸ் கிளப் தன் கதவை அவர்களுக்குத் திறந்துவிட்டது. அந்த நன்றிக்காக ஆட்டக்காரர்கள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்த உயரமான கடிகாரம் இன்றும் அங்கே இருக்கிறது. 1923இல் ஸ்காட்லாந்தின் ட்ரூனில் நடந்த அதே ஓப்பன் போட்டியில் இரண்டாமிடம் பெற்ற ஹேகனைப் பரிசளிப்புக்காக மட்டும் உள்ளே அழைத்தபோது, அவர் மறுத்துவிட்டு, கூடியிருந்த மக்களைத் தாம் தங்கியிருந்த விடுதிக்கு வரச் சொல்லி அவர்களோடு குடித்தார். இப்படிக் கிடைத்த நாற்காலியில்தான் உன் பேரன் இன்று உட்காருகிறான்.

சிராவயல் மஞ்சுவிரட்டு முடிந்ததும், மாட்டை அணைந்தவனும் மாட்டுக்காரனும் ஒரே திண்ணையில் அமர்ந்து மோர் குடித்ததை நாம் சிறுவயதில் பார்த்திருக்கிறோம் அல்லவா? அமெரிக்க, ஐரோப்பிய அணிகள் மோதும் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியில் மூன்று நாள் முறைத்துக்கொண்டு ஆடிய இரண்டு அணிகளும் இரவில் ஒன்றாக உட்காருவதும் அதே பண்புதான். அதோடு, இது அவனுக்குத் தொழிலும்கூட. போட்டிக்கு முந்தைய நாள் பணம் கொடுத்து அவனோடு ஆடும் வணிகர்கள் அவனை அறிந்துகொள்வது பெரும்பாலும் ஆட்டத்துக்குப் பிந்தைய பேச்சில்தான்; வளரும் ஆட்டக்காரனுக்கு ஆதரவாளர்கள் அங்கேதான் கிடைக்கிறார்கள்.

உன் அச்சம் வீண் என்று நான் சொல்லவில்லை. 1991இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கமான பி.ஜி.ஏ.வின் பட்டத்தையும், 1995இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஓப்பன் பட்டத்தையும் வென்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஜான் டேலி, மதுவோடு தாம் பட்ட பாட்டைத் தாமே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவ்வளவு திறமை படைத்த ஒருவரின் ஆட்டத்தையே மது குலைத்தது என்றால், இளைஞனைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவது நியாயமே. டைகர் உட்ஸுக்குப் பின் வந்த தலைமுறை ஆட்டம் முடிந்ததும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் பயிற்சித் திடலுக்கும் போய்விடுகிறது; உடலுக்கு அது நல்லதுதான், ஆனால் மூத்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பெறும் அறிவு அதனால் குறைகிறது என்பது என் வருத்தம்.

அவனிடம் ஆர்னால்டு பாமரைப் பற்றிச் சொல். கோல்ஃபில் ஏழு பெரும் பட்டங்களை வென்ற அவரின் பெயரைச் சொல்லி அமெரிக்காவில் கேட்டால் கொண்டுவந்து வைப்பது குளிர்ந்த தேநீரும் எலுமிச்சைச் சாறும் கலந்த பானம். அதைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் பேசலாம். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

கணக்குப் பிரிவில் கண்ட ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். கிளப்பில் காசு கைமாறாது. சீட்டில் கையெழுத்திட்டால் போதும். குடித்த அளவு மாத முடிவில் பில் வரும்போதுதான் பலருக்கும் தெரிந்தது. தன் சீட்டை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும் என்ற பழக்கத்தை மட்டும் அவனுக்கு ஏற்படுத்து; நம் வீட்டுப் பிள்ளைக்கு வரவு செலவு எழுதக் கற்றுத்தரவா வேண்டும்?

தை மாதம் வரும்போது அவனையும் அழைத்து வா. ஆச்சி இப்போதே வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி பார்த்து வைத்திருக்கிறாள்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்