தனி அறை பற்றி, நம் கிளினிக்குக்கு வரும் குடும்பங்களுக்கு ஒரு மடல்

வணக்கமுங்க.

காங்கேயம், ஊதியூர், வெள்ளக்கோவில் பக்கமிருந்து அப்பா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக வருகிறீர்கள். நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுவதால் எழுத வேண்டியிருக்கிறது. அம்மை போட்ட குழந்தையை உள்ளே விடாமல் ஒதுக்கி வைத்துவிட்டோமாம். கூட்டம், தாமதம் என்று சொன்னால் கேட்டுக்கொள்வோம். இதை மட்டும் அப்படி விட முடியவில்லை.

அந்தக் குழந்தை வந்ததும் வேப்பமரத்துப் பக்கமுள்ள தனி அறைக்கு நேராக அழைத்துப் போனோம். டோக்கன் கேட்கவில்லை. ஹாலில் காத்திருந்தவர்களை நிறுத்திவிட்டு முதலில் பார்த்ததும் அந்தக் குழந்தையைத்தான். வெயிலில் யாரையும் நிற்க வைக்கவில்லை. அந்த அறையில் கட்டில் இருக்கிறது, ஜன்னல் திறந்தே இருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றைப் பின்பக்கம் தோப்புக்குத் தள்ளும். ஸ்டெதாஸ்கோப், தெர்மாமீட்டர், பி.பி. பட்டை எல்லாம் அந்த அறைக்கென்றே தனியாக இருக்கின்றன.

அதே நேரம் ஹாலில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சின்னம்மை காற்றிலேயே பரவும். கொப்புளம் தெரிவதற்கு 1, 2 நாள் முன்பே ஒட்ட ஆரம்பித்து, கடைசிக் கொப்புளமும் பக்குக் கட்டும் வரை ஒட்டும். முன்பு அம்மை வராத கர்ப்பிணிக்கு வந்தால் நுரையீரல் வரை பாதிக்கலாம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கும் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மணல்வாரி என்கிற தட்டம்மை இன்னும் மோசம். நோயாளி எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை கிருமி அறைக் காற்றில் இருக்கும். வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை சொருகி, வெளியாட்களை வர வேண்டாம் என்று நாமே சொல்கிறோம் அல்லவா? அப்படித்தான் இதுவும்.

முன்பெல்லாம் தடிப்போடு வருபவர்களை வாசலிலேயே கவனித்து, பக்குவமாகப் பேசி அழைத்துப் போனவர் நம் மூத்த நர்ஸ் அக்கா. அவர் குடும்பத்தோடு கோவைக்குப் போய்விட்டார். புதிதாக வந்த பெண்கள் பழகி வருகிறார்கள். அவர்களில் அம்மை ஏற்கெனவே வந்தவர்கள் அல்லது 2 தவணை தடுப்பூசி போட்டவர்களை மட்டும்தான் அந்த அறைக்கு அனுப்புகிறோம். ஆகவே காய்ச்சலோடு தடிப்பு, கொப்புளம் இருந்தால் கிளம்பும் முன் ஒரு போன் போடுங்கள். முன்வாசல் வேண்டாம், பக்கத்து கேட்டைத் திறந்து வைக்கிறோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றாலும் புதுக் கொப்புளம் இருந்தால் சொல்லிவிடுங்கள். அக்கி வந்தவர்கள் அந்த இடத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்தால் போதும்.

மில் விடுதியிலிருந்து சிரங்கோடு வரும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அரிப்பு இல்லாதவர் உட்பட விடுதி அறையில் இருக்கும் எல்லோரும் ஒரே இரவில் கழுத்திலிருந்து கால் வரை களிம்பு பூச வேண்டும்; ஒரு வாரம் கழித்து மறுபடியும். முதல் முறை சிரங்கு தொற்றினால் அரிப்புத் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும் என்பதால்தான் இப்படிச் சொல்கிறோம். போர்வை, துணிகளைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைக் கவரில் கட்டி 3 நாளுக்கு மேல் வைத்துவிடுங்கள். இதை மறைக்க வேண்டியதே இல்லை, யாருக்கும் வரும்.

அப்புறம், கையுறை, மாஸ்க் விலையால் வரும் 1ஆம் தேதி முதல் கட்டணம் 50 ரூபாய் கூடுகிறது. ஞாயிறு மாலை கிளினிக் இருக்காது.

அந்தச் செய்தியைப் பார்த்ததும் போன் செய்து, "நீங்க அப்படிப் பண்ண மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியுமுங்க" என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்தக் குழந்தைக்கு இப்போது பக்கு உதிர்ந்து, நன்றாக இருக்கிறது. அதன் பெற்றோர் எப்போது வந்தாலும் இங்கே அவர்களுக்கு இடம் உண்டு.

அன்புடன்,
உங்கள் டாக்டரும் கிளினிக் ஊழியர்களும்