ஆறுதல் உத்தியோகமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரையில், டிஃபென்சிவ் லைன் (எதிரணியின் தாக்குதலைத் தடுக்கும் முன்வரிசை) பயிற்சியாளர் வேலையை, ஆட முடியாமல் போன வீரர்களுக்கு அணிகள் பார்த்துப் போட்டுத்தரும் ஆறுதல் உத்தியோகம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். உதாரணத்துக்கு அவர் பிடித்த ஆள் ஜான் டீர்லிங்க்! வேறு யார் பெயரையாவது போட்டிருந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருப்பேன்.

டீர்லிங்க் 1974இல் சான் டியாகோ சார்ஜர்ஸ் தேர்ந்தெடுத்த வீரர். முழங்கால் காயம் அவர் ஆட்டத்தைச் சீக்கிரமே முடித்துவைத்தது உண்மைதான். உடனே அமெரிக்கக் கால்பந்தின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் யாரும் நாற்காலி போட்டு உட்காரவைக்கவில்லை. கல்லூரிகள், யுஎஸ்எஃப்எல் என்ற வேறொரு லீக் என்று அலைந்து, 1989இல்தான் கிளீவ்லாந்து பிரவுன்ஸில் இடம் பிடித்தார். டென்வரில் இரண்டு, இண்டியானாபொலிஸில் ஒன்று என மூன்று சூப்பர் பவுல் (என்எஃப்எல் இறுதிப்போட்டி) வெற்றிகளில் அவர் பங்கு உண்டு. 1990 டிராஃப்ட்டில் (அணிகள் முறைவைத்துப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எந்த அணியும் சீண்டாத ஜான் ராண்டில், 137.5 சாக்குகளோடு (பந்தை எறியும் குவாட்டர்பேக்கை, எறியும் முன்பே விழத்தட்டுவதுதான் சாக்) 2010இல் புகழ் மண்டபம் ஏறினார். அந்த மேடையில் தன்னை அறிமுகப்படுத்த அவர் அழைத்தது, மின்னசோட்டாவில் தனக்குப் பயிற்சி தந்த டீர்லிங்கைத்தான்.

இந்த வேலையில் என்னதான் இருக்கிறது என்று உங்கள் கட்டுரையாளர் விசாரித்திருக்கலாம். லைன்மேன், அதாவது முன்வரிசை வீரன், ஆட்டம் தொடங்க எதிரணி கூவும் கூவலைக் காதால் கேட்டுக் கிளம்பக்கூடாது, பந்து அசைவதைக் கண்ணால் பார்த்துக் கிளம்ப வேண்டும். கூவலை நம்பினால் ஆஃப்சைடு (பந்து அசையும் முன்பே கோட்டைத் தாண்டுவது), ஐந்து கஜம் தண்டம். எதிரணி பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்தில் முதல் அடி ஆறு அங்குலம்தான். அதை நீட்டி வைத்தால், கால் தரையிறங்கும் முன்பே எதிராளியின் கை மார்பில் விழும், நம் ஆள் நிமிர்ந்துவிடுவான். நிமிர்ந்தவன் தோற்றவன். இதற்காகவே தாழ்ந்த கூரை போட்ட கம்பிக் கூண்டுக்குள் அவர்களைக் குனிந்து பாயவைக்கிறார்கள்.

குவாட்டர்பேக்கைத் துரத்தும்போது தடுப்பாளனின் முழு உடம்போடு மோதக்கூடாது, பாதி உடம்பைத்தான் தாக்க வேண்டும். கதவைக் கீல் பக்கம் தள்ளினால் நகராது, விளிம்பைத் தள்ளினால் விரல் போதும். இண்டியானாபொலிஸில் டீர்லிங்கிடம் பயின்ற டுவைட் ஃப்ரீனியின் ஸ்பின் மூவ் வெறும் சுழற்சி என்றா நினைத்தீர்கள்? முதலில் வெளிப்பக்கமாக முழு வேகத்தில் ஓடி, டேக்கிளின் (ஓரத்தில் நிற்கும் தடுப்பாளன்) எடை அவன் வெளிக்காலுக்குப் போகவைக்க வேண்டும். அந்த நொடியில்தான் காலை ஊன்றி உள்ளே சுழல வேண்டும். இரண்டு கஜம் முன்னதாகச் சுழன்றால் அவனுக்கு முதுகைக் காட்டியதுதான் மிச்சம். உள்ளே கார்டு (டேக்கிளுக்குப் பக்கத்துத் தடுப்பாளன்) சும்மா நிற்பதைப் பார்க்காமல் சுழன்றால் நேரே அவன் மடியில்தான். எங்கள் வட்டாரப் பள்ளித் திடலில் வாராவாரம் நான் பார்ப்பது இந்த இரண்டு தவறுகளைத்தான்.

2003 டிராஃப்ட்டின் ஐந்தாவது சுற்றில் இண்டியானாபொலிஸுக்கு, டீர்லிங்கிடம் வந்த ராபர்ட் மேத்திஸ் 123 சாக்குகள் எடுத்தார். அவர் குவாட்டர்பேக்கை விழத்தட்டியதோடு நிற்கவில்லை. ஒரு கையால் ஆளை அணைத்து, மறு கையால் எறியும் கையை வெட்டிப் பந்தை உதிர்த்தார். இரண்டு கையையும் பந்துக்கே வீசினால் ஆள் நழுவி ஓடிவிடுவான்.

டீர்லிங்க் மாசு மருவற்றவர் என்று நான் வாதாட வரவில்லை. குவாட்டர்பேக்கின் கால்களைக் குறிவைக்கச் சொல்லித்தருகிறார் என்ற குற்றச்சாட்டு 1990களில் அவரைத் துரத்தியது. முழங்காலுக்குக் கீழே தாக்குவதைத் தடுத்த விதியையே அவர் பெயரால் அழைத்தவர்கள் உண்டு. அதை எழுதிக் கிழித்திருந்தால் கைதட்டியிருப்பேன். கட்டுரையில் அதைப் பற்றி மூச்சே இல்லை!

உங்களுக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 2007 சூப்பர் பவுலில் இண்டியானாபொலிஸ் 29-17 என்று சிகாகோவை வென்றபோது, உங்கள் இதழின் இரண்டு பக்கமும் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங், தலைமைப் பயிற்சியாளர் டோனி டஞ்சி புராணம்தான். முன்வரிசை பற்றி ஒரு சொல் கிடையாது. பிறகொரு முறை சாக் என்பதைத் தண்டனைக்குரிய தவறு என்று அச்சிட்டீர்கள். நான் எழுதிய கடிதம் குப்பைக்கூடைக்குப் போயிருக்கும், பரவாயில்லை. இந்த முறை நீள்வட்டப் பந்தாட்டம் பற்றிய கட்டுரைக்கு மேலே உருண்டைப் பந்தை உதைக்கும் சிறுவனின் படம்! கிரிக்கெட்டில் பந்துவீச்சுப் பயிற்சியாளர் மாறினால் அரைப்பக்கம் ஒதுக்கும் பெருந்தகைகள் நீங்கள். இதைக் கேட்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போதும். அந்தப் படத்தையும் இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
ஒகையோ